ஜன்னல் பக்கத்துக் கட்டில்

ஓட்டல் வரவேற்பு மேசையில் இருந்தவர் சாவியை அவளுடைய கணவரிடம் நீட்டாமல் அவளிடம் நீட்டினார்.

“போன தடவை குடுத்த அதே ரூம்தான் மேடம். ஜன்னல் பக்கத்துக் கட்டில்தானே உங்களுக்குப் பிடிக்கும்?”

அவள் இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜிப் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய காது மடல்கள்தான் சிவந்திருந்தன.

லிஃப்டில் கேட்டாள். “அந்தாளு எதுக்குப் போன தடவைன்னாரு?”

“ஓட்டல்காரங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. ஒரு மரியாதைக்கு.”

“யார் காதுல பூ சுத்துறீங்க?”

அவர் சிரித்து மழுப்பினார். போன வருடம் வழுக்கைத் தலை நண்பர் ஒருவரோடு அறையைப் பங்குபோட்டதாகவும், அந்த மனிதர் விட்ட குறட்டையில் தூக்கமே போய்விட்டதாகவும் வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொன்னவர் இவர்தான். அந்த வழுக்கைத் தலையைப் பார்த்து யாராவது மேடம் என்பார்களா?

அறைக்கதவைத் திறந்ததும் முதலில் வந்து தாக்கியது வாசனை. மூடிக் கிடந்த திரைச்சீலையின் புழுக்கம், தரை துடைத்த சோப்பு, அவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லியதாகக் கிராம்பு எண்ணெய். அவள் தினமும் சுவாசிக்கிற நெடி அது. தன் துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் யோசிக்காமல் சுவரோரக் கட்டிலில் பையை வைத்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவளுக்காக விடப்பட்டிருந்தது. அவள் வேண்டுமென்றே அதில் உட்காரவில்லை.

அவர் பல் டாக்டர். முன்னறையில் நோயாளிகளின் வாயைப் பார்ப்பவர் அவர், பின்னறையில் அந்த வாய்களுக்குப் பல் செய்பவள் அவள். மாவில் அச்செடுத்து, மெழுகில் செதுக்கி, சூளையில் சுட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் அதன் சொந்த மஞ்சளைத் தீட்டுவாள். வருடந்தோறும் பல் டாக்டர்கள் எல்லாரும் இந்த ஏரிக்கரை ஊரில் கூடி மாநாடு நடத்துவார்கள். அவள் செய்த பற்களை அவர் பெரிய திரையில் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வருவார். கைதட்டலில் அவள் பங்கு கேட்டதில்லை. கூட நடக்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. ஏரிக்கரையில், வேலை இல்லாத ஒரு சாயங்காலத்தில், அவர் பக்கத்தில்.

போன வருடம் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கடைசி நேரத்தில் அவசரமாகப் பல் செட்டுகள் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். “அடுத்த வருஷம் பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அன்றே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வேலையும் ஓடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவள் பொறாமையில் வெந்தாள். இப்போது டீ குடித்துக்கொண்டிருப்பார், எதிர் நாற்காலியில் யார்? இப்போது படகில் ஏறுவார், அந்த ஈறு டாக்டர் வந்திருப்பாள், எதற்கெடுத்தாலும் தோளில் தட்டிச் சிரிக்கிறவள். நான் அல்லவா அங்கே இருக்க வேண்டும், நான் அல்லவா, நான் அல்லவா என்று தூக்கத்திலும் பல்லைக் கடித்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பல் தேயாமலிருக்க இரவில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை அவர்தான் செய்து கொடுத்திருந்தார். காய்ச்சல் விட்ட காலையில் பார்த்தால் உறை இரண்டு துண்டாகக் கிடந்தது. உடம்பு மட்டும் எதையோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி லேசாக இருந்தது.

அவர் திரும்பி வந்தார். வந்ததிலிருந்து ஒரே கரிசனம். காரணமில்லாமல் பின்னறைக்கு வந்து நிற்பார். அவள் சிரித்தால் வாயையே பார்ப்பார். எதற்கோ காத்திருந்து, அது கிடைக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஓட்டலில் முதல் இரவு, குளியலறைக் கண்ணாடி முன் பல் விளக்கியபோது அவள் அதை நினைத்துக்கொண்டாள். அவளுடைய முன்பற்களில் ஒன்று அவளே செய்தது. சில வருடங்களுக்கு முன்பு படியில் விழுந்து உடைந்த பல்லுக்கு மேல் மாட்டிய கேப். அசல் பல்லில் உதட்டோரப் பக்கமாக அரிசி நுனி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ஊரார் வாய்க்கெல்லாம் அச்சைப் பார்த்தே பல் செய்து பழகியவள், தன் வாய்க்கு மட்டும் கண்ணாடியைப் பார்த்துச் செய்யப் போய்ப் பக்கம் குழம்பி, புள்ளியை எதிர்ப்பக்கமாக, அடுத்த முன்பல்லை ஒட்டி வைத்துவிட்டாள். மாட்டிய பிறகுதான் தெரிந்தது. “இருக்கட்டும் விடு, நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் அதை மாற்றவில்லை.

நடு இரவில் விழிப்பு வந்தது. நறநறவென்று யாரோ பல்லைக் கடிக்கிறார்கள். நிதானமாக, எதையோ மென்று தீர்க்கிற மாதிரி. தான்தான் கடிக்கிறோம் என்று தாடையைத் தொட்டாள். வாய் திறந்திருந்தது. சுவரோரக் கட்டிலில் அவளை ஒட்டிப் படுத்திருந்த கணவரின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து. அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஏரிக் காற்றில் ஜன்னல் கொக்கி உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே ஊரைச் சுற்றிப் பார்க்க வழி சொன்னார். “கண்ணாடித் தோட்டத்துக்குக் காலையிலேயே போயிடு, கூட்டம் இருக்காது. உள்ள போனதும் இடது பக்கம் திரும்பு, அங்கதான் தண்ணிப் பூ. படகுல பின் சீட்டு வேண்டாம், சால்வை நனைஞ்சிடும். மாநாட்டு மண்டபத்து வாசலுக்கு எதிர்ல ஒரு டீக்கடை...”

“போன வருஷம் மண்டபத்தை விட்டு வெளியவே வரலைன்னீங்க?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அட்டையில் பெயருக்குக் கீழே ‘உடன் வந்தவர்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

சரி, பார்த்துவிடலாம் என்று அவளும் கிளம்பினாள். ஊர் பார்க்க வந்தவள் துப்புத் துலக்கப் போனாள். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது பூவாவது படகாவது.

கண்ணாடித் தோட்டத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் போனில் கணவரின் படத்தைக் காட்டினாள். “இவரைப் போன வருஷம் இங்க பாத்திருக்கீங்களா? கூட யாரு வந்தாங்க?”

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், சிரித்தாள். “என்ன மேடம் விளையாடுறீங்களா? ரெண்டு பேரும் உள்ள போனீங்க, வெளிய வர மனசே இல்லை. நான் பூட்டுக் கையோட நின்னேனே!”

ஓ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். தன்னைப் போலவே ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஜாடை மட்டும் இவளுடையது, மற்றதெல்லாம் புதிது. கையில் சூளைத் தழும்பு இருக்காது, இடுப்பு வலி இருக்காது, பேச்சுக்குப் பேச்சு சிரித்திருப்பாள். பாசி பிடித்த கண்ணாடிக் கூரையிலிருந்து நீர் சொட்டியது, ஈர மண்ணும் அழுகிய இலையும் மணத்தன, இடது பக்கம் திரும்பியதும் தண்ணீர்ப் பூக்கள் அவர் சொன்ன இடத்திலேயே மிதந்தன. இங்கேதான் நின்றிருப்பார்கள். பக்கத்துப் பாதையில் இலைகளுக்கு அந்தப் புறம் யாரோ நடந்தார்கள். அவள் நின்றால் அந்த நடையும் நின்றது. ஒரே ஒரு கணம், ஆவி படிந்த கண்ணாடியில், பச்சையாக ஏதோ நகர்ந்து மறைந்தது. தன் பச்சைச் சால்வையின் நிழல்தான் என்று எண்ணினாள். பிறகுதான் உறைத்தது. சால்வையை அவள் அறை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

படகுத்துறையில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். படகில் ஏறுகிறவர்களைப் படம் பிடித்து, வாங்காமல் விட்ட படங்களை மாதிரிக்காகப் பலகையில் குத்தி வைப்பது அவர் வழக்கம். வெயிலில் வெளுத்த படங்களுக்கு நடுவே அவள் தன் கணவரைக் கண்டாள். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தே எத்தனையோ காலமாகிறது. அவர் தோளில் சாய்ந்திருந்தாள் ஒருத்தி.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வெறியில் படத்தைப் பிய்த்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

ஜாடை இல்லை. அவளேதான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, காதில் அவர் வாங்கிக்கொடுத்த தோடு, கட்டை விரலில் சூளை சுட்ட வடு. அவள் பார்த்தது அதையெல்லாம் இல்லை. தொழில் புத்தி, கண் நேராக வாய்க்குத்தான் போனது. முன்பல்லில் வெள்ளைப் புள்ளி இருந்தது. உதட்டோரப் பக்கத்தில். அசல் பல்லில் இருந்த அதே இடத்தில். படியில் விழாத, உடையாத, யாரும் செய்து மாட்டாத பல்.

“அந்தப் படத்தை எடுத்துக்கங்க மேடம், காசு வேண்டாம்” என்றார் புகைப்படக்காரர். “நீங்கதான் தினமும் வந்து பாத்துட்டுப் போறீங்களே.”

கால்கள் தாமாக நடந்தன. மாநாட்டு மண்டபத்துக்கு எதிரே டீக்கடை தெரிந்ததும் பெஞ்சில் சரிந்தாள். கடைக்கார அம்மாள் கேட்காமலேயே சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிப்பது அதுதான்.

“அக்கா, இன்னைக்கு என்ன இந்த மூலையில? உங்க இடம் அதோ, வாசலைப் பாத்த மேசை.”

“நான் இங்க வந்ததே இல்லைங்க.”

“நல்லா இருக்கே! ஒரு வருஷமா சாயங்காலமானா வந்து உக்காந்துக்கிட்டு, அந்த வாசலையே பாத்துப் பல்லை நறநறன்னு கடிப்பீங்க. எனக்கே சில நாள் பயமா இருக்கும். அவரு வந்துட்டாருல்ல? பாத்தேன், காலையில உள்ள போனாரு. இனிமே சந்தோஷம்தான்.”

அன்று மாலை அறையில் அவள் படத்தை அவர் முன்னால் எறிந்தாள். “யாரு இது?”

அவர் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவளால் பொறுக்க முடியாதது அந்த மலர்ச்சிதான்.

“நீதான். முதல் நாள் சாயங்காலம் நீயாவே வந்து வாசல்ல நின்னே. காய்ச்சல் விட்டுடுச்சு, உங்களை விட்டுட்டு இருக்க முடியலை, கிளம்பி வந்துட்டேன்னு சொன்னே. ஒரே ஒரு சத்தியம் வாங்குனே. வீட்டுக்குப் போனதும் இதைப் பத்திப் பேசவே கூடாது, நானா கேக்குற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. ரயில் ஏறும்போது, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னால வர்றேன்னே. வீட்டுக்கு வந்தா நீ எனக்கு முன்னாடி அங்க இருந்தே.”

“பல்லப் பாக்கலையா நீங்க? பல் டாக்டர்தானே?”

அவர் படத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

“பாத்தேன். கேட்டேன். உங்களுக்காகச் சரி பண்ணிட்டேன்னு சொன்னே. வீட்டுக்கு வந்து பாத்தா அதே பழைய கேப்பு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” குரல் தாழ்ந்தது. “கேட்டா அது இல்லாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன். அந்த நாலு நாள் நீ எவ்வளவு சிரிச்சே தெரியுமா? எம்மேல கோபமே இல்லை உனக்கு.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வேறொருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். தன் சிரிப்பையே தன்னிடமிருந்து திருடிக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்தவளை என்ன செய்வது?

“நாளைக்கு முதல் ரயிலுக்குப் போயிடலாம். என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

“நாளைக்கு மத்தியானம் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்பாங்க. அது முடிஞ்சதும் கிளம்பலாம்மா.” சொல்லும்போது அவர் பார்வை ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது.

அந்த இரவு அவள் விளக்கை அணைக்கவில்லை. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. காலையில் அவர் மண்டபத்துக்குப் போனபோது, போட்டோ நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, பச்சைச் சால்வையையும் அடையாள அட்டையையும் நாற்காலி முதுகில் எடுத்து வைத்துவிட்டு, சுவரோரக் கட்டிலில் ஒரு நிமிடம் தலை சாய்த்தாள்.

நறநற.

கண் திறந்தது. அறை முழுக்க மத்தியான வெளிச்சம். கிராம்பு எண்ணெய் நெடி மூக்கை அடைத்தது.

நறநறநற. முதுகுக்குப் பின்னால். கைக்கெட்டும் தூரத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கட்டில் கம்பி முனகியது. யாரோ எழுந்தார்கள். வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரிந்தது. நாற்காலியில் துணி உரசியது. கழுத்துக்கு மேல் ஒரு மூச்சு. குனிந்து பார்க்கிற மூச்சு. வெகுநேரம் பார்த்தது. பிறகு கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

திரும்பினாள்.

நாற்காலியில் சால்வை இல்லை. அட்டை இல்லை. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. தலையணை நடுவில் சின்னதாக ஏதோ மின்னியது. எடுத்தாள். பல். அவள் செய்த கேப். தப்பான பக்கத்தில் வெள்ளைப் புள்ளி.

நாக்கு முன்வாய்க்கு ஓடியது. கேப் மாட்டுவதற்காக அரைத்துக் கூராக்கிய குச்சிப் பல் தட்டுப்பட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். ஏரிக்கரைச் சாலை, டீக்கடை, மண்டபத்து வாசல். வாசலில் நின்ற பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

“பேட்ஜ் இல்லாம உள்ள விடக் கூடாதுங்க.”

“நான் டாக்டர் வீட்டம்மா. பல் டாக்டர். அதோ...” பல் இல்லாத இடத்தில் சொற்கள் காற்றாகப் போயின.

“அவங்க வீட்டம்மா அப்பவே உள்ள போயிட்டாங்களே.”

மண்டபத்துப் படிகளில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நடுப்படியில் அவர். பக்கத்தில் பச்சைச் சால்வை. ஈறு டாக்டர் எதையோ சொல்ல, சால்வைக்காரி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. வெயில் அவள் பல்லில் பட்டது.

“என்னங்க!”

அவருக்குக் கேட்டது. தலை திரும்பியது. வாசலில் நின்றவளைப் பார்த்தார். வெறுங்கால். கலைந்த தலை. வாயில் இருட்டாக ஒரு ஓட்டை. பிறகு பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தார். நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல், பல்லைப் பார்த்தார்.

தெரிந்துகொண்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

மெதுவாகக் கையை எடுத்து அந்தப் பச்சைச் சால்வையின் தோளில் போட்டார். கேமரா பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் சிரிங்க” என்றார் படம் எடுப்பவர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்து, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

அவள் கூப்பிட வாயைத் திறந்தாள். தாடை இறுகிக்கொண்டது. மேல் பல் கீழ்ப் பல்லைத் தேடிப் பிடித்து, நிதானமாக உரச ஆரம்பித்தது.

“அக்கா” என்று பின்னாலிருந்து டீக்கடை அம்மாள் கூப்பிட்டாள். “வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க? உங்க மேசையில டீ வச்சிருக்கேன். வந்து உக்காருங்க.”